மூன்று பேர் போட்ட சட்டை

சென்னையில் இருக்கும் என் மகன் நேற்று வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஆண்களின் உடுப்பு நீண்ட நாள் உழைக்க என்ன செய்ய வேண்டும் என்று தாடி வைத்த ஒரு பையன் பாடம் நடத்துகிறான். சட்டையை உள்பக்கம் திருப்பித் துவைக்க வேண்டுமாம். முறுக்கிப் பிழியக் கூடாதாம். நிழலில்தான் காயப்போட வேண்டுமாம். இதைச் சொல்ல பின்னணியில் இசை வேறு. நீ பிறப்பதற்கு முன்னாலேயே சங்கரன்கோவிலில் ஒரு மாடி அறையில் இதையெல்லாம் விரதம் மாதிரி கடைப்பிடித்தவன் நான் என்று அந்தப் பையனிடம் யார் சொல்வது?

அப்போது நான் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அறையில் என்னோடு இரண்டு பேர். ஒருவர் அருணாச்சலம் அண்ணாச்சி. மேலநீலிதநல்லூரில் ஆபீஸ் உத்தியோகம். இன்னொருவன் மருந்துக்கடை ஜெபராஜ். மூன்று பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. மூன்று பேருக்குமாக உருப்படியான சட்டை ஒன்றுதான் இருந்தது. ஜெபராஜ் அவன் அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்த இளநீலச் சட்டை அது. யார் பெண் பார்க்கப் போனாலும் அதைத்தான் போட்டுக்கொண்டு போவோம். அதற்குப் பெயரே ‘பொண்ணு பாக்குற சட்டை’.

அந்தச் சட்டைக்கு இருந்த சட்டதிட்டம் எங்கள் மூன்று பேருக்கும் இருந்ததில்லை. போட்டுக்கொண்டு பஸ் சீட்டில் சாயக் கூடாது. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துக்குள் போகவே கூடாது. பெண் வீட்டில் கேசரி கொடுத்தால் நன்றாகக் குனிந்துதான் தின்ன வேண்டும். ஒருமுறை அண்ணாச்சி ஒரு வீட்டில் அப்படிக் குனிந்தபோது தொப்பை தள்ளி நாலாவது பட்டன் தெறித்து, பெண்ணின் அப்பா மடியில் விழுந்துவிட்டது. அதை எடுத்துத் தாருங்கள் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. நான்தான் வேறு ஒரு பட்டனைத் தேடித் தைத்தேன். மற்றவை லேசாக நீலம் ஓடிய வெள்ளை, இது பால் வெள்ளை.

ஜவுளிக்கடைக்காரன் என்பதால் துவைக்கிற உத்தியோகம் என் தலையில் விழுந்தது. எங்கள் தெருவில் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்கவே யோசிக்கும். கடைசி அலசலுக்கு மட்டும் குடத்தில் நல்ல தண்ணீர் பிடித்து வருவேன். நாங்கள் உப்புத் தண்ணீரில்தான் குளிப்போம், சட்டைக்கு நல்ல தண்ணீர். காலரைப் பழைய பல் பிரஷ்ஷால் மெதுவாகத் தடவுவேன். சொட்டு நீலத்தைக் குழந்தைக்கு மருந்து ஊற்றுவதுபோல எண்ணி விடுவேன். அண்ணாச்சி கட்டிலில் படுத்தபடியே, “ஏலே, காலரப் போட்டுத் தேய்க்காத, நூலு பிரிஞ்சிரும்” என்பார். சட்டைப் பராமரிப்பில் அவருக்குத் தெரியாதது கிடையாது, தண்ணீரில் கை வைப்பதைத் தவிர. ஆனால் பொய் சொல்லக் கூடாது, அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

அப்படியிருக்கையில் எனக்குக் குருவிகுளத்தில் ஒரு இடம் வந்தது. எனக்கு இருபத்தொன்பது வயது. அதுவரை பார்த்த வீடுகளில் எல்லாம் ‘சொல்லி அனுப்புதோம்’ என்றதோடு சரி, யாரும் சொல்லி அனுப்பவில்லை. காபியோடு வந்த கோமதியைப் பார்த்ததுமே இந்த இடம் கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் அப்பா கொஞ்சம் தாராளமானவர். “ரெண்டு வார்த்த பேசிக்கிடட்டும்” என்று பின்பக்கம் அனுப்பி வைத்தார்.

துவைகல் பக்கத்தில் நின்றோம். கோமதிதான் பேச்சை ஆரம்பித்தாள்.

“போன மாசம் ஒருத்தர் வந்தாவ. அவுகளும் இதே சட்டதான் போட்டிருந்தாவ.”

“எங்க கடையில இதே மாதிரி நெறைய வித்துச்சு” என்றேன்.

“அதுலயும் நாலாவது பட்டன் இப்படித்தான் வேற வெள்ளையா இருந்துச்சு.”

போன மாசம் வந்தது எங்கள் அண்ணாச்சிதான். அண்ணாச்சி பெண் பார்த்துவிட்டு வந்தால் ஊரைச் சொல்ல மாட்டார், ‘ஜாதகம் சேரல’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார். இந்த இடமும் போச்சு என்று நினைத்தேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? “மூணு பேரு ஒரே ரூம்ல இருக்கோம். நல்ல சட்டை இது ஒண்ணுதான்” என்றேன்.

“தொவைக்கது யாரு?”

“நாந்தான்.”

“கையக் காட்டுங்க.”

காட்டினேன். சோப்பு தின்று விரல் கணுவெல்லாம் தோலுரிந்து கிடந்தது. பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் சம்மதம் என்று ஆள் வந்தது.

கல்யாணமான புதிதில் காரணம் கேட்டேன். “மொதல்ல வந்தவுககிட்டயும் சட்டையப் பத்திக் கேட்டேன். ‘ரூம்ல ஒரு பய தொவச்சுப் போடுதான்’னாவ. அப்பவே வேண்டாம்னுட்டேன். அந்தப் பய யாருன்னுதான் பாக்கணும்னு இருந்துச்சு” என்றாள்.

அந்தப் பயல் அதற்கப்புறம் என்ன செய்தான் என்று கேளுங்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். என் அம்மா பார்த்துவிட்டாள். “ஏலே, பொண்டாட்டி வந்த பொறவு நீ எதுக்குலே தொவைக்க? ஊரு சிரிக்கும்.” ஊர் சிரிப்பதற்கு நான் இவ்வளவு பயப்படுவேன் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. வாளியை வைத்துவிட்டு டீக்கடைக்குப் போன வேகத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனேன். கோமதி பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

வித்தை மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவளுக்கு வகுப்பு எடுத்தேன். அருணாச்சலம் அண்ணாச்சியாவது கட்டிலில் கிடந்து ஒற்றைச் சட்டைக்குத்தான் யோசனை சொன்னார். நான் ஒரு பீரோ சட்டைக்குச் சொன்னேன். மகன் வாஷிங் மெஷின் வாங்கி அனுப்பியபோது, அதில் போட்டால் துணி சீக்கிரம் நைந்துவிடும் என்று என் சட்டைகளை மட்டும் தனியே எடுத்து வைத்தேன். அவள் கையால் துவைத்தாள். சட்டைகள் புதுசு மாதிரி இருக்கின்றன.

போன மாதம் அவள் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. திருநெல்வேலிக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் கையை அமுக்கிப் பார்த்துவிட்டு, “துணி தொவைக்கிறத நிறுத்தணும்மா. வேற யாரும் தொவச்சுத் தர மாட்டாங்களா?” என்றார்.

“ஒருத்தர் இருந்தாவ டாக்டர். ரொம்ப நல்லாத் தொவைப்பாவ.”

“அவரு எங்க?”

“கல்யாணத்துக்கு முந்தி ஒரு நாளு குருவிகுளத்துல எங்க வீட்டுக்கு வந்தாவ. அதுக்குப் பொறவு ஆளயே காணோம்.”

பக்கத்து நாற்காலியில், சுருக்கமில்லாத வெள்ளைச் சட்டையோடு, எக்ஸ்ரே கவரைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.