பதினைந்து நெற்றிகளில் பொட்டு

மேட்டூரில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கிளப்பில் அப்போது நான் குமாஸ்தா. ஹாலில் ஒரு பழைய குரூப் போட்டோ தொங்கும். அணை கட்டிய காலத்து இன்ஜினீயர்கள் பதினைந்து பேர், மட்டைத் தேங்காய் மாதிரி ஒரு பந்தை நடுவில் வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருப்பார்கள். ரக்பி என்று ஒரு முரட்டு ஆட்டமாம். அதன் கண்ணாடி உடைந்து மாதக்கணக்காகியும் நான் மாற்றவில்லை. சோம்பல்தான், வேறென்ன.

ஆயுத பூஜையன்று டைப்ரைட்டர், பில்லியர்ட்ஸ் மேஜை, பீரோ எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே. படத்திலிருந்த பதினைந்து நெற்றிக்கும் வெறும் காகிதத்தின் மேலேயே வைத்துவிட்டேன்.

மறுவாரம் சென்னையிலிருந்து ஒரு வயதான துரையின் கடிதம் வந்தது. பழைய விளையாட்டு அணிப் படங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவராம். கிளப் செயலாளர் படத்தைத் தரச் சம்மதித்துவிட்டார். துரை சனிக்கிழமை நேரில் வந்து வாங்கிக்கொள்வதாக இருந்தது. முன்வரிசையில் இடது ஓரம் உட்கார்ந்திருப்பவன் தன் தம்பி, உலகப் போரில் இறந்தவன், அவன் முகம் உள்ள படம் வேறெதுவும் தங்களிடம் இல்லை என்று எழுதியிருந்தார்.

படத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

"ஏனுங்க, சந்தனந்தானுங்களே," என்றாள் மனைவி. "அப்படியே குடுத்துப்போடுங்க. எதையாச்சும் நோண்டி வெக்காதீங்க."

"உனக்கென்ன தெரியும், வேலை போயிரும்," என்று எரிந்து விழுந்தேன்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், அந்தத் தம்பி முகத்தையாவது சுத்தம் செய்துவிடலாம் என்று ஈரப் பஞ்சை எடுத்தேன். பொட்டு போனது. போன இடம் திட்டாக வெளுத்திருந்தது. சரிசெய்கிறேன் என்று இன்னும் இரண்டு முறை தேய்த்தேன். கண்ணும் மூக்கும் பஞ்சில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன.

சனிக்கிழமை துரை கைத்தடி ஊன்றி வந்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பொட்டு யார் வச்சது?" அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"நானுங்க. ஆயுத பூஜைக்குங்க."

"நல்லது. மரியாதை," என்று சிரித்தார். "அணை வேலையிலே எல்லாரும் மண்வெட்டிக்கு வைப்பாங்க."

அவர் விரல் ஒவ்வொரு முகமாக நகர்ந்து இடது ஓரத்துக்கு வந்து நின்றது.

"இவனுக்கு வைக்கலையா?"

"வெச்சனுங்க. நீங்க வாரீங்கன்னு தொடச்சுப்போட்டனுங்க."

அவர் திட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு மறுபடியும் துடைத்தார்.

படத்தை அவர் எடுத்துப் போனார். என் வேலை போகவில்லை. அந்தப் பையனின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தவன் நான்தான். எப்படி இருந்தான் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பொட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.