கைக்குத் தெரிந்த மேடுகள்

போன மாதம் என் அக்கா இறந்தபோது டெப்போவிலிருந்து வந்தவர்கள், இருபது வருஷம் ஒரு கீறல் விழாமல் பஸ் ஓட்டியவள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது உண்மைதான். ஆனால் அவளைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் சொல்லத் தோன்றுவது, ஒரு சைக்கிள் பாதைக்காக அவள் பட்ட பாடு.

அவள் கணவர், எனக்கு அத்தான், பல் செட் செய்பவர். நாள் முழுக்க விளக்கடியில் குனிந்து உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களின் பற்களை ராவிக்கொண்டிருப்பார். இதயத்தில் அடைப்பு வந்து, சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் வேலைக்குப் போய் வந்த நேரம் போக ஜன்னலோர நாற்காலியை விட்டு அசையவில்லை. மாடிப்படி ஏற மாட்டார். பலமாகத் தும்முவதற்கும் பயம். உடம்பை அசைக்காவிட்டால் மறுபடியும் என்னிடம்தான் வருவீர்கள் என்று டாக்டர் சொன்னதை அவர் கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. அக்கா கேட்டுக்கொண்டாள்.

"நடக்கவாவது நடங்களேன்."

"நடந்தா வழியில நாலு பேர் நிறுத்தி, இப்ப எப்படி இருக்குன்னு கேப்பாங்க. பதில் சொல்லிச் சொல்லியே நெஞ்சு வலி வந்துடும்."

"அப்ப சைக்கிள்ல போங்க. அவங்க வாயைத் திறக்கிறதுக்குள்ள தாண்டிடலாம்."

அத்தான் இதை எதிர்பார்க்கவில்லை. கல்யாணமான புதிதில் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மறுக்கக் காரணம் கிடைக்காமல் ஒரு நிபந்தனை போட்டார். "சரி. ஆனா மேடுன்னு எதுவும் இருக்கக் கூடாது. எங்கயாவது ஒரு இடத்துல என்னை இறங்கித் தள்ள வெச்சே, அதோட சரி. அப்புறம் ஜென்மத்துக்கும் என்னைக் கூப்பிடக் கூடாது."

அவர் சொன்னால் சொன்னதுதான். அக்காவுக்கு அது தெரியும். ஒரே ஒரு வாய்ப்பு, அது தவறினால் நாற்காலிதான்.

அன்று சாப்பாட்டு மேஜையிலேயே பாதை போட்டாள். உப்பு ஜாடி எங்கள் வீடு. கரண்டி கடைத்தெரு. கரண்டியின் முனையில் ரயில்வே கேட். கேட்டைத் தாண்டினால் இரண்டு பக்கமும் சூரியகாந்தி வயல். அதற்குக் கைக்குட்டையை விரித்தாள். பிறகு செங்கல் சூளை, தண்ணீர்த் தொட்டி, திரும்ப ஊர். ஒரு சுற்று.

"இந்த ரூட்ல எத்தனை வருஷமா ஓட்டறேன்! தட்டு மாதிரி இருக்கும்," என்றாள்.

அத்தான் உப்பு ஜாடியை எடுத்துச் சோற்றில் உப்புப் போட்டுக்கொண்டார்.

"வீட்டை எங்க தூக்கிட்டுப் போறீங்க? வைங்க அப்படியே!"

விடுமுறை நாளில் வெள்ளோட்டம் பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டுச் சைக்கிள் அவளுக்கு, என்னுடையது எனக்கு. கடைத்தெரு வரை ராணி மாதிரிதான் போனாள். வயல்களுக்கு நடுவே, பார்த்தாயா என்று திரும்பித் திரும்பிச் சிரித்தாள். செங்கல் சூளையைத் தாண்டியதும் சிரிப்பு நின்றது. பேச்சு நின்றது. கொஞ்ச தூரத்தில் சைக்கிளும் நின்றது.

"ரோட்டை என்னமோ பண்ணிட்டானுங்கடா," என்றாள், மூச்சு இரைக்க.

"யாரும் எதுவும் பண்ணலக்கா. இது மேடு."

"நேத்து இல்லையே?"

"தண்ணித் தொட்டியைப் பள்ளத்துலயா கட்டுவாங்க?"

அவள் நிமிர்ந்து உச்சியில் இருந்த தொட்டியைப் பார்த்தாள். ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அதன் நிழலில் பஸ்ஸைத் திருப்பியிருக்கிறாள். அது உயரத்தில் இருப்பதை அப்போதுதான் பார்ப்பவள் போல வெகு நேரம் நின்றாள். பிறகு தன் கையை விரித்துப் பார்த்தாள்.

"கியரை மாத்திக்கிட்டேதான் இருந்திருக்கு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!"

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். அக்கா மறுநாள் வேலைக்குப் போய், வழக்கம் போலப் பஸ்ஸை ஓட்டியபடி, தன் கையை வேவு பார்த்தாள். கை தானாகக் கியருக்குப் போனால் அங்கே மேடு. எந்தக் கடை, எந்த மரம் என்று மனதில் குறித்துக்கொள்வாள். சூளைக்கு அப்பால் ஒன்று தெரிந்ததுதான். ரயில்வே கேட்டுக்கு முன்னால் ஒன்று, வயல்களுக்கு நடுவில்கூட ஒன்று. மாலையில் வந்து கோபமாகச் சொல்வாள்: "இத்தனை வருஷம் என்னை ஏமாத்தியிருக்கு, பாரேன்."

பஸ் போகும் சாலையை நம்பிப் பயனில்லை என்று முடிவானதும் பஸ் போகாத பக்கம் தேடினாள். கால்வாய்க் கரையைக் கண்டுபிடித்தது அப்படித்தான். "தண்ணி மேடு ஏறாதுல்ல? அது போற கரையும் ஏறாது," என்றாள். சுற்றைத் திருப்பிப் போட்டாள். போகும்போதே தொட்டி வழியாகப் போனால் ஊர்ப் பக்கம் ஏற்றமே தெரியாது, சூளை வரை பெரிய இறக்கம், பிரேக்கைப் பிடித்துக்கொண்டால் போதும். அங்கிருந்து வயல், வயலிலிருந்து கால்வாய், கரையோரமாகவே திரும்ப ஊர். கரையில் ஒரு கோழிப் பண்ணை நாய் குரைத்தது. நாலைந்து தடவை போய் அதையும் சிநேகம் பிடித்துவிட்டாள். காலையில் எந்த நேரத்தில் கிளம்பினால் பஸ்கள் குறுக்கே வராது என்பதை அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. "பஸ் டிரைவருங்களை மட்டும் நம்பாதே. சைக்கிளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம்."

என்ன செய்தும் ஓர் ஏற்றம் மிஞ்சியது. கால்வாய்க் கரையிலிருந்து கடைத்தெருவுக்கு ஏறும் சின்னச் சாலை. சுற்றி வர வேறு வழியில்லை. அதை மறைக்கவும் அவளுக்கு மனமில்லை. கிளம்பும் அன்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "கடைசியில கொஞ்சம் மூச்சு வாங்கும். ஆனா அங்கிருந்து பார்த்தா நம்ம தெரு தெரியும்."

"மேடே இல்லைன்னே."

"ஒண்ணே ஒண்ணு. ஏறிடுவீங்க."

அத்தான் முகத்தைச் சுளித்தார். ஆனால் கிளம்பினார். நானும் என் சைக்கிளில் பின்னாலேயே போனேன். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்ததில் அது கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. வயல் பக்கம் வந்ததும் தோள்கள் தளர்ந்தன. கால்வாயில் கொக்கு ஒன்று நின்றதைக் காட்டி, அதன் அலகைப் போல ஒரு பல்லைத் தானும் செய்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தார். வெகு நாள் கழித்து அவர் சிரித்ததைக் கேட்டேன். அக்கா சிரிக்கவில்லை. அவள் கண் முன்னால் இருந்த சாலையில் இருந்தது.

ஏற்றம் வந்தது. பாதி வரை அத்தான் வாயை மூடிக்கொண்டு மிதித்தார். பிறகு சைக்கிள் இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. ஒரு கை ஹேண்டில்பாரை விட்டு நெஞ்சுக்குப் போனது.

"வலிக்குதா?" அக்கா திரும்பிப் பார்த்து, குரல் நடுங்காமல் கேட்டாள்.

"வலி இல்ல. பயமா இருக்கு."

அவர் கால் தரையைத் தேடியது. அதற்கு முந்தி, அவருக்கு ஒரு சைக்கிள் தூரம் முன்னால் போய்க்கொண்டிருந்த அக்கா பொத்தென்று இறங்கிவிட்டாள்.

"என்னால முடியாதுப்பா. நீங்க போங்க, நான் தள்ளிக்கிட்டு வரேன்."

அத்தானின் கால் மறுபடியும் பெடலுக்குப் போனது. "அடடா! இவ்ளோ பெரிய பஸ்ஸையே ஓட்டறவ!" என்றார். அவளைத் தாண்டும்போது இன்னொரு தடவை சொன்னார். "தட்டு மாதிரி ரோடுன்னு சொன்ன அம்மா எங்கே?" அந்தக் கேலியிலேயே மீதி ஏற்றத்தையும் மிதித்துவிட்டார். உச்சியில் ஒரு காலை ஊன்றி, முகமெல்லாம் வியர்வையாக, கீழே பார்த்துக் கத்தினார்: "வா வா, மெதுவா வா. அடுத்த வாரத்துக்குள்ள வந்து சேந்தா சரி. அடுத்த வாரம் மறுபடியும் கிளம்பணும்."

நானும் இறங்கி அக்காவோடு நடந்துகொண்டிருந்தேன். அவளுக்கு மூச்சே வாங்கவில்லை.

"வேகமாப் போலாமேக்கா," என்றேன்.

"சும்மா இருடா," என்று பல்லைக் கடித்தாள். பிறகு ஹேண்டில்பாரில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, அவர் பார்க்கும்படி, இன்னும் மெதுவாகத் தள்ளத் தொடங்கினாள்.