அல்ட்ராசவுண்டும் கழிப்பறைச் சாவியும்

எண்பதுகளின் நடுவில், சேலத்தில் நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கு அல்ட்ராசவுண்ட் இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. அதற்குப் பூசணிக்காய் உடைத்தோம், ஏசி அறை கொடுத்தோம், அந்த அறை வாசலில் எல்லோரையும் செருப்பைக் கழற்ற வைத்தோம். எக்ஸ்ரே மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த டாக்டர்கள் எங்கள் நால்வருக்கும் அதில் கர்ப்பப்பையைப் பார்க்கக் கற்றுத்தர மெட்ராஸிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். நால்வரில் நான் ஒருத்திதான் பெண். நோயாளிகளிடம் பேசும் வேலை, பாடத்திட்டத்தில் இல்லாமலே, என்னிடம் வந்து சேர்ந்தது.

நிபுணர் சுவரில் படங்கள் காட்டினார். எல்லாம் வெளிநாட்டுப் பெண்களுடையவை. ஒவ்வொருத்தியின் மூத்திரப்பையும் ஏரி மாதிரி நிரம்பிக் கறுப்பாகத் தெரிந்தது. ஒலி அந்த நீரைக் கடந்து போனால்தான் பின்னாலிருக்கும் கர்ப்பப்பை தெரியும்.

“நோயாளி தண்ணீர் குடித்துவிட்டு வருவார். மற்றதை ஒலி பார்த்துக்கொள்ளும்” என்றார். நான் வரி விடாமல் எழுதிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். எல்லா ஏரியும் வறண்டு கிடந்தது. ஓமலூரோ கெங்கவல்லியோ, திரையில் அதே சாம்பல் புழுதி. நிபுணர் குமிழ்களைத் திருகினார், பிறகு சேலத்து மின்சாரத்தைக் குறை சொன்னார்.

அந்த வாரம் நாமக்கல் பக்கத்திலிருந்து கோழிப்பண்ணை வீட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். முன்பு இரண்டு கர்ப்பம் கலைந்திருந்தது. இந்த மூன்றாவதிலும் லேசாக உதிரம் பட்டிருந்தது. ஸ்கேனில் துடிப்பு தெரியாவிட்டால் மறுநாள் காலை வயிற்றைச் சுத்தம் செய்துவிடுவதென்று மகப்பேறு டாக்டர் எழுதி அனுப்பியிருந்தார்.

புழுதிதான் தெரிந்தது.

“எதுவும் தெரியவில்லை என்று எழுதிவிடலாம்” என்றார் நிபுணர். தெரியவில்லை என்று எழுதினால் மகப்பேறு வார்டில் இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். மத்தியானம் இன்னொரு முறை பார்க்கலாமே என்றேன். “ஆர்வம் நல்லதுதான்” என்றார், அது ஒரு வியாதி என்பதுபோல.

அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்டேன். “தண்ணி குடிச்சீங்களா?”

“குடிச்சனுங்க.”

“எவ்வளவு?”

“தொண்டை நனையற அளவுக்குங்க.”

கூட வந்த நங்கையாள், அதாவது அவளுடைய கணவரின் அக்கா, குறுக்கே வந்தார். “ஏனுங்க டாக்டரம்மா, நாமக்கல்லுல பஸ் ஏறுனா சேலத்துலதான் எறங்கறோம். ஆம்பளைக்கு வழியெல்லாம் புளியமரம். நாங்க எங்கீங்க போறது? ஊட்டை விட்டுக் கெளம்புனா சொம்பைத் தொடமாட்டமுங்க.”

“இப்பதான் வந்து சேர்ந்துட்டீங்களே, இங்க குடிக்கலாமே?”

“உங்க ஆசுபத்திரிக் கக்கூசைப் பாத்தீங்களா? கதவு இருக்குது, தாப்பா இல்லீங்க.”

நான் பார்த்ததில்லை. எனக்கு டாக்டர்கள் கழிப்பறை இருந்தது. ஒலியின் வேகத்தைத் தூக்கத்திலும் ஒப்பிப்பேன். தாழ்ப்பாள் எங்கள் நால்வரில் யாருடைய நோட்டிலும் இல்லை.

அட்டெண்டரிடம் போய் டாக்டர்கள் கழிப்பறைச் சாவியைக் கேட்டேன். “பெரிய டாக்டர் திட்டுவாருங்க” என்றார். எனக்குத்தான் என்றேன். கொடுத்தார். அதைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

“இது உங்க கையிலயே இருக்கட்டும். வேற யாரும் உள்ள வரமுடியாது. இப்பக் குடிங்க.”

சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொம்பை எடுத்தாள்.

மத்தியானம் திரையில் ஏரி நிரம்பியிருந்தது. அதன் கரைக்குக் கீழே கர்ப்பப்பை, உள்ளே ஒரு சிறு பை, அதற்குள் விட்டுவிட்டு மின்னும் ஒரு புள்ளி. நிபுணருக்குத் தலைகால் புரியவில்லை. “படத்தில் இருக்கிற மாதிரியே” என்று மற்ற மூவரையும் கூப்பிட்டார். ஆளுக்கு ஒருமுறை கருவியை வைத்து அழுத்திப் பார்த்தார்கள். என் முறைக்கு நானும் அழுத்தினேன்.

“இருக்குதுங்க. துடிக்குது, பாருங்க” என்றேன்.

அவள் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள்.

“நெசமாவாங்க?”

“நெசம். நாளைக்குச் சுத்தம் பண்ணமாட்டாங்க. நானே எழுதிக் கொடுக்கறேன்.”

கண் ஓரம் நனைந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். நிபுணர் எங்களுக்கு அந்தப் புள்ளியை முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார்.

“டாக்டரம்மா,” என்றாள் மெதுவாக, “அது நல்லா இருக்கட்டுங்க. நான் இப்பப் போலாமுங்களா?”

மூடியிருந்த கையை விரித்தாள். உள்ளங்கையில் சாவியின் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது.

அவளுக்குப் பின்னால் நங்கையாள் போனார், அவருக்குப் பின்னால் பெஞ்சு முழுவதும். சாவி அட்டெண்டரிடம் திரும்பவே இல்லை. அன்று மாலை பெரிய டாக்டர் தம் கழிப்பறை வாசலில், பெண்கள் வரிசையின் கடைசியில், நெடுநேரம் நின்றிருந்தார். அதற்குப் பிறகுதான் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வந்தது.