கூடப் பேசியவர் பெயர்

காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு அல்காரிதம் பாடம் நடத்தியபோது எனக்கு ஒரு விதி இருந்தது. அசைன்மென்ட்டை யாருடன் வேண்டுமானாலும் பேசிப் போடலாம்; தாளின் மேலே அப்படிக் கூடப் பேசியவர் பெயரை எழுதிவிட்டால் மார்க் குறையாது.

பிள்ளையார்பாளையத்திலிருந்து சைக்கிளில் வரும் ஒருவன், தலை நிறைய எண்ணெயோடு ஓரமாக உட்காருவான். பக்கத்து இடம் காலியாக இருந்தாலும் பையை மடியிலேயே வைத்திருப்பான். ஒவ்வொரு முறையும் ‘சேகர்’ என்று எழுதுவான். வகுப்பில் சேகரே கிடையாது.

“யாருப்பா இந்த சேகர்?”

“யாரும் இல்ல சார். எல்லாரும் பேர் எழுதிக்கினு இருக்காங்க. எனக்கு மட்டும் ஆள் இல்லன்னா ஒரு மாதிரி இருக்குது சார்.”

“இல்லன்னா வெறுமனே விட்டுடுப்பா” என்றேன்.

அடுத்த தாளில் அந்த இடம் காலியாக வந்தது. விதிப்படி சரிதான், முழு மார்க் போட்டேன்.

இத்தனை வருடம் கழித்தும் அவனை நினைத்தால், கூடவே சேகரும் வருகிறான்.