மடிக்காத போர்வை

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கத்திரிக்கோல் அக்கா என்று பேர். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வருகிற கத்தி, கத்திரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, நீராவியில் சுத்தம் பண்ணி, எண்ணி, துணியில் சுற்றி அனுப்புகிற அறை அவளுடையது. ஒரு கத்திரிக்கோல் குறைந்தால் போதும், பெரிய டாக்டரையே வாசலில் நிறுத்திவிடுவாள். "எந்த வயித்துக்குள்ள விட்டீங்கன்னு யோசிச்சுப் பாருங்க, நான் காத்திருக்கேன்" என்பாள். அப்படி ஒரு வாய்.

அந்த வாய் வீட்டில் மட்டும் எடுபடாது. எடுபட ஆள் எதிரில் இருக்க வேண்டாமா? வீட்டுக்காரர் ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பு பார்க்கிறவர். இருபத்திநாலு வருஷமாக ராத்திரி ஷிப்ட். காலையில் ஆறரைக்கு மாவு வாசனையோடு அவர் உள்ளே வருவார், ஆறே முக்காலுக்கு இவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். சாயங்காலம் இவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவர் அதே நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பார். வார லீவாவது ஒத்துப்போனதா என்றால் அதுவும் இல்லை. இவளுக்கு ஞாயிறு, அவருக்குச் செவ்வாய்; அந்த ஒரு ராத்திரியும் பழக்கத்தில் தூக்கம் வராமல் கூடத்தில் ரேடியோவோடு உட்கார்ந்திருப்பார். இந்த லட்சணத்தில் ஒரு பெண்ணைப் பெற்று, படிக்கவைத்து, வேலைக்கும் அனுப்பியாயிற்று.

பேச்செல்லாம் சீட்டில்தான். சமையலறை மேஜையில் ஒரு ஃபிளாஸ்க், அதன் மூடிக்கு அடியில் சீட்டு. நேரில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற மனுஷன், சீட்டில் மட்டும் கொட்டித் தீர்ப்பார். "மூணாம் நம்பர் அடுப்பு இன்னிக்கு மக்கர். மேனேஜர் முகத்தைப் பார்த்திருக்கணும் நீ, கருகின ரொட்டி தோத்துது." இப்படி. ராத்திரி ஷிப்ட் ஆரம்பித்த முதல் வாரம் ஒரே வரியில் ஒரு சீட்டு வந்தது: "போர்வையை மடிக்காதே, அப்படியே விட்டுட்டுப் போ." அவளுக்குச் சுருக்கென்றது. ஆபரேஷன் துணியை மூலைக்கு மூலை இம்மி பிசகாமல் மடிக்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது? பிரிக்கச் சோம்பல்படுகிறார் போல என்று முணுமுணுத்துவிட்டு, அன்று முதல் மடிக்காமல் விட்டாள்.

இப்போது அவர் அடுத்த மாசம் ஓய்வு பெறுகிறார். பெண் தன் சம்பளத்தில் அப்பா அம்மாவுக்கு ஒரு கடற்கரை ரிசார்ட்டில் நாலு நாள் அறை போட்டுவிட்டாள்.

"சாப்பாடு, காபி, எல்லாமே உள்ளயே இருக்கும்மா. கை நீட்டினா வரும். குழந்தைங்களுக்கு அனுமதி கிடையாது, சத்தமே இருக்காது. பெரியவங்களுக்கு மட்டும்."

"பெரியவங்களுக்கு மட்டும்னு போட அங்க என்னடி, சினிமாவா ஓடுது?" என்றாள் அம்மா. பெண் தலையில் அடித்துக்கொண்டாள்.

வரவேற்பறையில் மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டை மாட்டினார்கள். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்ன இது, அட்மிட் பண்றாங்களா? எந்த வார்டு?" என்றாள். அவர் சிரிப்பை மென்று விழுங்கினார்.

அவளுக்கு உள்ளே சிரிப்பில்லை. கைப்பையில் ஒரு விண்ணப்ப பாரம் இருந்தது. அவள் பிரிவில் நிரந்தர நைட் டியூட்டிக்கு ஆள் வேண்டுமாம். யார் வருகிறீர்கள் என்று சூப்பர்வைசரம்மா கேட்டபோது முதலில் கை தூக்கியது இவள்தான். திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அவருக்கு இன்னும் தெரியாது. ஏன் தூக்கினாள் என்றால் பயம்தான், வேறென்ன. அவர் இனிமேல் சாயங்காலத்திலிருந்து காலைவரைக்கும் வீட்டில் இருப்பார். அவருடன் என்ன பேசுவது? தினம் தினம் பக்கத்தில் பார்த்தால், இவள் இல்லாமலே நம் பாட்டுக்கு நன்றாகத்தானே இருந்தோம் என்று அவருக்குத் தோன்றிவிட்டால்? அதை அவர் முகத்தில் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. நைட் டியூட்டி என்றால் பழையபடி எதிரும் புதிருமாக ஓடிவிடும்.

முதல் நாளே வேடிக்கை. படுக்கப் போனபோது இரண்டு பேரும் கட்டிலின் ஒரே பக்கத்துக்குப் போய் முட்டிக்கொண்டார்கள்.

"இது என் இடங்க."

"என் இடமும் இதானே" என்றார் அவர்.

வீட்டில் இரண்டு பேரும் ஜன்னலோரம்தான் படுப்பார்கள், நேரம்தான் வேறே வேறே. இத்தனை வருஷத்தில் அது இவர்களுக்கு உறைக்கவே இல்லை, பாருங்கள்! அவர் அந்தப் பக்கம் போய்ப் படுத்தார். படுத்தார் என்றுதான் பேர், விடிய விடியக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தார். காலை ஆறு மணிக்கு அவள் எழுந்து முகம் கழுவித் திரும்பிப் பார்த்தால், அவர் உருண்டு இவள் இடத்துக்கு வந்து, போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டு, குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்.

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. நான் எப்போது எழுந்து தொலைவேன் என்று காத்திருந்தாராக்கும். இடம் காலியானதும் எப்படி ஒரு நிம்மதி, பார்.

அன்று பகல் முழுக்க அவர் தூங்கினார். அவள் தனியாகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள், கை சும்மா இருக்காமல் அங்கே கலந்து கிடந்த கரண்டியையும் முள்கரண்டியையும் தனித்தனியாக அடுக்கினாள். பரிமாறுகிறவர் ஓடிவந்து, "அம்மா, நீங்க விருந்தாளி" என்று கெஞ்சினார். "ரெண்டு கரண்டி குறையுது, தேடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். சாயங்காலம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"உப்பு வேணுமா?"

"வேண்டாம்."

அவ்வளவுதான் பேச்சு. பக்கத்து மேஜையில் இவர்களைவிட வயசான ஒரு ஜோடி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாம் ராத்திரியும் அதே கதை. ஆனால் மூன்றாம் நாள் காலையில் அவர் தூங்கப் போகவில்லை. கண் ரெண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருக்க, சட்டையை மாட்டிக்கொண்டு அவள்கூடச் சாப்பிட வந்தார். முட்டையைப் பாதி சாப்பிட்டார், கரண்டியைப் பிடித்தபடியே தலை தொங்கிவிட்டது. அவள் அந்தக் கரண்டியை மெல்ல உருவி வைத்தாள்.

"எதுக்கு இந்தப் பாடு? போய்ப் படுங்க."

"உன்கூடப் பகல்ல கொஞ்சம் இருக்கலாம்னு..." என்று இழுத்தார். வாக்கியம் முடியவில்லை.

"ஆமா, இருந்து கிழிச்சீங்க. போங்க" என்று அனுப்பிவைத்தாள். கோபமாகச் சொன்னாளே தவிர, அவர் தள்ளாடிப் போவதைக் கண் மறைகிறவரை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பிறகு கடலைப் பார்த்து உட்கார்ந்து பாரத்தை எடுத்தாள். பேர், ஊழியர் எண், பிரிவு எல்லாம் நிரப்பினாள். பாவம், நம்மோடு இருப்பதுகூட அந்த மனுஷனுக்கு ஒரு ஷிப்ட் மாதிரி ஆகிவிட்டது, இனி யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. காற்று காகிதத்தை நிற்கவிடவில்லை. அறைக்குப் போய் மேஜையில் வைத்துப் போடலாம் என்று எழுந்தாள்.

காபி இலவசமாகக் கிடைக்கிற இடத்துக்கும் அவள் வீட்டு ஃபிளாஸ்க்கைத் தூக்கி வந்திருந்தாள். அது மேஜை நடுவில் இருந்தது. மூடிக்கு அடியில் ஒரு சீட்டு.

"நேத்து தைலம் தேடறப்ப உன் பையில நைட் டியூட்டி பாரம் கண்ணுல பட்டுது. துருவிப் பார்க்கல, சத்தியமா. நான் வீட்டோட இருக்கப் போறேன்னு உனக்குப் பயமா? எனக்கும்தான் பயம். நேர்ல உன்கிட்ட பேச வாய் வரமாட்டேங்குது, என்ன பண்றது. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். போர்வையை மடிக்காதேன்னு அன்னிக்கு எழுதினேனே, அது சோம்பல் இல்ல. நீ எழுந்து போனப்புறம் அந்த இடம் கொஞ்ச நேரம் சூடா இருக்கும். மடிச்சா ஆறிப்போயிடும். இத்தனை வருஷமா அந்தச் சூட்டுல படுத்துத்தான் எனக்குத் தூக்கமே. ராத்திரி வேலை முடிச்சு ஓடி வர்றதே அதுக்குத்தான். நீ கையெழுத்துப் போடறதுன்னா போடு, தடுக்க மாட்டேன். காலையில நீ களைச்சு வந்து நான் எழுந்த இடத்துல படுத்துக்கோ. நானும் போர்வையை மடிக்க மாட்டேன். முட்டை நல்லா இருந்துது."

அவள் நின்றபடியே இரண்டு தரம் படித்தாள். முட்டை இடத்தில் சிரிப்பு வந்தது, சிரிக்கப் போய் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அட மக்கு மனுஷா, இதை ஒரு தடவை வாயால் சொன்னால் என்ன, குறைந்தா போய்விடுவீர்கள்? எத்தனை வருஷம் உங்களைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன்!

கட்டிலைப் பார்த்தாள். ஜன்னலோரம், அவள் இடத்தில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். குறட்டை இல்லை. தூங்குகிற முதுகா, காத்திருக்கிற முதுகா என்று அவளுக்கா தெரியாது!

பாரத்தைத் திருப்பிப் போட்டாள். அதன் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள். நான்காய் மடித்து ஃபிளாஸ்க் மூடிக்கு அடியில் வைத்து, மேஜையில் இரண்டு தட்டு தட்டினாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

கட்டில் கிறீச்சிட்டது. அவர் எழுந்து வந்தார். காகிதம் பிரிகிற சத்தம், அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்று எழுதியிருந்தாள்.

அவர் போய்த் தள்ளிப் படுத்தார். போர்வையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பகல் பதினோரு மணிக்கு, வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, அவள் போய் அவர் படுத்திருந்த இடத்தில் படுத்தாள். இடம் சூடாக இருந்தது.