நான் அணைத்து வைத்த மஞ்சள் விளக்கு

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், அரியலூருக்கு வெளியே மெயின் ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பெரம்பலூரில் எனக்குச் சின்னதாக ஒரு பட்டறை இருக்கிறது. லாரி, டிப்பர்களுக்கு வயரிங் வேலை பார்க்கிறேன். அன்று அரியலூரில் ஒரு லாரி ஸ்டார்ட் ஆகவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டு டூல்ஸ் பையும் தோளுமாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது, பஸ்ஸைத்தான் காணோம்.

அப்போது ஜல்லி இறக்கிவிட்டுக் காலியாக வந்த டிப்பர் ஒன்று ரோட்டை விட்டு இறங்கி என் பக்கத்தில் நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க டிரைவர், தலையில் வெள்ளைத் தொப்பி. "பெரம்பலூரா தம்பி? ஏறுங்க, மழ வந்துரும்" என்றார். கும்பிடு போட்டு ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் டாஷ்போர்டுக்குக் கீழே சிவப்பு டேப் சுற்றிய வயர் ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் பக்கம் எல்லாரும் கறுப்பு டேப்தான் சுற்றுவார்கள். சிவப்பு சுற்றுவது நான் ஒருவன்தான்.

வண்டியை எடுத்தார். ஓரத்துச் சேற்றில் நின்றிருந்த பின்சக்கரம் கிறுகிறுவென்று சும்மாவே சுற்றியது. சேறு தெறித்தது. இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னுமாக ஆட்டித்தான் ரோட்டுக்கு ஏற்றினார். "புது மாடல் வண்டி, இப்படி வழுக்கக் கூடாதே" என்று அவர் முணுமுணுத்தார். எனக்குப் பகீரென்றது. அது எந்த வண்டி, அதில் நான் என்ன செய்து வைத்தேன் என்பதெல்லாம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

விஷயம் இதுதான். இந்த மாதிரி வண்டிகளில் ஏபிஎஸ் என்று ஒன்று உண்டு. சக்கரத்தில் பல்சக்கரம் மாதிரி ஒரு வளையமும், அது எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்க்க ஒரு சென்சாரும் இருக்கும். பிரேக்கை ஒரேயடியாக மிதித்தால் சக்கரம் சுற்றாமல் இறுகிப்போய் வண்டி வழுக்கிக்கொண்டு போகும், ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் திரும்பாது. சக்கரம் அப்படி இறுகப்போவது தெரிந்ததும், ஏபிஎஸ் பெட்டி அந்தச் சக்கரத்துப் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கும் காற்றைக் கொஞ்சம் வெளியே விட்டு, மறுபடி ஏற்றி, மறுபடி விடும். ஒரு நொடியிலேயே பல தடவை இது நடக்கும். சேற்றில் சக்கரம் சும்மா சுற்றினால் அதைப் பிடித்து நிறுத்தும் வசதியும் அதே சென்சாரை நம்பித்தான் வேலை செய்கிறது. இந்த வண்டியில் ஒரு சக்கரத்துச் சென்சார் வயர் அறுந்தாலே பெட்டி மொத்தமாக ஒதுங்கிக்கொள்ளும், இரண்டும் போச்சு. அதைச் சொல்லத்தான் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும்.

அன்றைக்கு எட்டு மாதத்துக்கு முன்னால் இந்த வண்டியை வேறொரு டிரைவர் கொண்டுவந்தார். ஜல்லி பட்டுப் பின்சக்கரத்துச் சென்சார் வயர் அறுந்திருந்தது. புதுசு வர நாலு நாள் ஆகும் என்றேன். "அதெல்லாம் வேணாண்ணே, பிரேக்கு நல்லாத்தான் புடிக்கிது. லைட்ட மட்டும் அணைச்சு விடுங்க, கண்ண உறுத்துது" என்றார். சாவி போட்டால் எரிந்து, இன்ஜின் ஓடினதும் அணைகிற மாதிரி அந்த விளக்கை வேறொரு விளக்கோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். பத்து நிமிட வேலை. யார் பார்த்தாலும் சந்தேகம் வராது. எங்கள் பக்கம் அடிக்கடி கேட்கிற வேலைதான் இது. என் அளவுக்குச் சுத்தமாக யாரும் செய்யமாட்டார்கள் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

இந்த டிரைவர் அண்ணன் லப்பைக்குடிக்காட்டுக்காரர். பதினொரு வருடம் சவூதியில் டிரெயிலர் ஓட்டிவிட்டு ஊரோடு வந்துவிட்டாராம். இந்த வண்டியில் ஏறி அன்றைக்கு மூன்றாவது நாள். நல்ல மனுஷன், வாய் ஓயாமல் பேசினார். பாதி சமோசாவைப் பிட்டு எனக்குக் கொடுத்தார். அதற்குள் தூறல் ஆரம்பித்துவிட்டது. லாரிகளிலிருந்து கொட்டின சுண்ணாம்புக்கல் தூசி அந்த ரோட்டில் எப்போதும் படிந்திருக்கும். முதல் தூறல் பட்டால் அது குழைத்த மாவு மாதிரி ஆகிவிடும். இதில் காலி வண்டி வேறு. பின்னால் பாரம் இல்லாததால் சக்கரம் சீக்கிரம் இறுகும்.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா போலாமே" என்றேன்.

சிரித்தார். "பயப்படாதீங்க தம்பி, ஏபிஎஸ் வண்டி. லைட்டு எரியல பாருங்க, எல்லாம் சரியா இருக்கு. அங்கலாம் அந்த லைட்டு எரிஞ்சா வண்டிய கேட்டுக்கு வெளில விடமாட்டான். எதுனா குறுக்க வந்தா ஒரே மிதி, மிதிச்சுப் புடிச்சிக்கணும். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. அப்புடித்தான் சொல்லிக் குடுத்தானுவ" என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஏபிஎஸ் வேலை செய்கிற வண்டியில் அப்படித்தான் மிதிக்க வேண்டும். ஆனால் அந்த வண்டியில் அப்படி மிதித்தால் சக்கரம் இறுகி வண்டி கைவிட்டுப் போய்விடும். அவருக்குத் தெரிந்த நல்ல வழக்கமே எமனாக வந்து நிற்கும். இதைச் சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை? சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார். அவ்வளவுதான் காரணம். வழியில் பேரளி ஊர் வரட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பேரளியும் வந்தது. அங்கே டீ குடிக்க நிறுத்தினால் சொல்லலாம் என்று நினைத்தேன், அவர் நிறுத்தவில்லை. இன்னும் அரை மணி நேரம்தானே, பெரம்பலூர் வந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கை மட்டும் முன்னால் இருந்த கம்பியை விடவே இல்லை.

மழை வலுத்தது. ஒரு வளைவு திரும்பினோம். எதிரே, எங்கள் பக்கத்து ரோட்டிலேயே, ஒரு லோடு ஆட்டோ நின்றிருந்தது. மக்காச்சோளக் கொல்லையில் களை வெட்டிவிட்டு வந்த பெண்கள் அதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு ஏழெட்டுப் பேர். இரண்டு பேர் ரோட்டின் நடுவில்.

அண்ணன் மிதித்தார், ஒரே மிதி. காற்று புஸ் புஸ்ஸென்று விட்டு விட்டு வெளியேறும் சத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சக்கரங்கள் இறுகி வண்டி சறுக்க ஆரம்பித்தது. பின்பக்கம் வலதுபுறமாகத் தள்ளிக்கொண்டு வந்தது. அவர் ஸ்டியரிங்கை இடதுபக்கம் முழுசாக ஒடித்தார். வண்டி மதிக்கவே இல்லை, நேராக அந்தப் பெண்களைப் பார்த்துத்தான் போனது. "யா அல்லாஹ்" என்று அவர் கத்தினார், காலை மட்டும் எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினார்.

"அண்ணே, ஏபிஎஸ் இல்லண்ணே! கால எடுங்க! விட்டு மிதிங்க!" என்று அலறினேன்.

ஒரு கணம்தான். பிரேக்கிலிருந்து காலை எடுக்கச் சொன்னால் யார் எடுப்பார்கள்? அவர் எடுத்தார். சக்கரம் உருண்டது, ஸ்டியரிங் பிடித்தது, வண்டி வெடுக்கென்று இடதுபக்கம் பாய்ந்து கருவேலம் புதருக்குள் இறங்கி நின்றது. கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தேன். வண்டியின் வால் பக்கத்துக்கும் ஒரு அம்மாவுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளிகூட இல்லை. அந்த அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

நாங்கள் இறங்கியதும் மற்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "கண்ணு பொடனிலயாடா இருக்கு? குடிச்சிட்டு ஓட்டுறியா? எங்க புள்ளைவளுக்கு யாருடா பதில் சொல்லுவா?" என்று ஒருத்தர் அண்ணன் சட்டையைப் பிடித்து உலுக்கினார். மழையில் நனைந்தபடி அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "என் தப்புதாம்மா. மன்னிச்சிருங்கம்மா" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். அந்த ஏச்சு முழுக்க எனக்குச் சேர வேண்டியது.

அவர்கள் போன பிறகு அவர் வண்டிப் படியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றிப் பிழிந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏபிஎஸ் இல்லன்னு கத்துனீங்களே தம்பி. ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த லைட்ட நம்பித்தான் தம்பி கால வச்சேன்" என்று மட்டும் சொன்னார். அப்புறம், "மொதல்ல அத எரிய வைங்க" என்றார்.

டாஷ்போர்டுக்கு அடியில் படுத்து, சிவப்பு டேப்பைப் பிரித்து, பழையபடி வயரை இணைத்தேன். பத்து நிமிட வேலை அரை மணி நேரம் ஆனது. அந்த வழியாக வந்த டிராக்டர்காரர் கயிறு கட்டி வண்டியை ரோட்டுக்கு இழுத்துவிட்டார். மஞ்சள் விளக்கு எரிய எரிய, மாட்டுவண்டி வேகத்தில் அண்ணன் என் பட்டறை வரைக்கும் ஓட்டிவந்தார். முதலாளிக்குப் போன் போட்டு, சென்சார் மாற்றாமல் வண்டியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். சென்சார் நாலே நாளில் வந்தது. மாட்டிக் கொடுத்தேன்.

அதன் பிறகு, இந்த மாதிரி விளக்கை அணைத்துக் கொடுத்த வண்டிகளை ஒவ்வொன்றாக யோசித்து யோசித்துக் கூப்பிட்டேன். சிலர் வந்தார்கள். சிலர், "என்னாச்சு ஒனக்கு?" என்று சிரித்தார்கள். அவர்களை விடாமல் நச்சரித்து வரவழைத்தேன். இரண்டு வண்டிகளை மட்டும் பிடிக்க முடியவில்லை. கைமாறி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டன, வாங்கினவர் யாரென்று தெரியவில்லை. மழை வலுக்கும்போதெல்லாம் அந்த இரண்டும் எந்த ரோட்டில் போகின்றன, நான் சொல்லி வைத்த பொய்யை நம்பி இந்நேரம் யார் பிரேக்கில் காலை வைத்திருக்கிறார் என்ற நினைப்பு வந்துவிடுகிறது, அன்றைக்கு எனக்கு எந்த வேலையும் ஓடுவதில்லை.