பகல் தூக்கத்துக்குக் காவல்

வீட்டு வேலைகளிலேயே கேடுகெட்டது, பகலில் தூங்கும் ஆளுக்குக் காவல் இருப்பதுதான். நைட் ஷிஃப்டுக்காரருக்குக் கழுத்தை நீட்டிய சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஷா ஆலம் தொழிற்சாலைகளுக்குக் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறார். காலையில் பண்டமாரான் வீட்டுக்கு வந்து படுப்பார். அப்போதுதான் மற்ற லோரிகள் எங்கள் வாசலை உரசிக்கொண்டு கிளம்பும்.

விசில் இல்லாத வீடு

குக்கரை மூட்டை கட்டிவிட்டேன். மிக்ஸி கிடையாது, அதனால் சட்னியும் கிடையாது. காலிங் பெல் வயரைப் பிடுங்கியாயிற்று. கான்வென்டில் சிஸ்டர்கள் அதட்டியும் அடங்காத என் வாய், இப்போது சொந்த வீட்டில் கிசுகிசுக்கிறது. அலமாரிக் கண்ணாடி மட்டும் லோரிக்கு லோரி நடுங்குகிறது. பக்கத்து வீட்டம்மா ஒருநாள் துக்க முகத்தோடு வேலியோரம் வந்தாள்: "ஏன்க்கா, வீட்டுல யாரும் தவறிட்டாங்களா? சத்தமே காணோமே?"

காது கொடுத்தவர்

நகராண்மைக் கழகத்தில் புகார் மேல் புகார் கொடுத்த பிறகு ஓர் அதிகாரி வந்தார், நம்மாள்தான். வந்தது வெள்ளிக்கிழமை மத்தியானம். தொழுகை நேரம், சாலையில் ஒரு லோரி இல்லை. "கொஞ்சம் இருங்க, தொழுகை முடிஞ்சதும் லோரி வரும், அதுவரைக்கும் காப்பி தரேன்" என்றேன். அவருக்கு அவசரம். காரில் ஏறிக்கொண்டே சொன்னார்: "பகல்ல சத்தம் இருக்கத்தான் செய்யும் ஆன்டி. அங்கிளை ராத்திரியில தூங்கச் சொல்லுங்க லா."

சிவப்பு விளக்கு

ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, நன்றாகத் தூங்குங்கள் என்று கிளினிக்கில் என் வீட்டுக்காரருக்கு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையை விழுங்கலாம், தூக்கத்தை எந்தக் கடையில் வாங்குவது?

அதற்கப்புறம் ஒரு காலை, தேத்தண்ணியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். நச்சரித்த பிறகு வாய் திறந்தார்: "சிவப்பு விளக்குல நின்னேன் சுசீலா. எப்போ கண்ணை மூடினேன்னு தெரியல. முழிச்சுப் பார்த்தா லோரி நகர்ந்து போயிருக்கு, ஒரு சாண் முன்னாடி மோட்டார் சைக்கிள்காரன் முதுகு."

ஹாரன்

மறுநாள் அவர் கண்ணயர்ந்த நேரம். முன்னால் ஒரு வண்டியும் இல்லாமலே ஒரு லோரி ஹாரனை அழுத்திக்கொண்டு வந்தது. சந்தியில் அது நின்றதும், கைலியோடு ஓடிப்போய்க் கதவைத் தட்டி, கான்வென்ட் இங்கிலீஷிலும் கிள்ளான் தமிழிலும் வாங்கு வாங்கென்று வாங்கினேன். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினார். என் வீட்டுக்காரருக்கு இருக்கும் அதே சிவந்த கண்.

"மன்னிச்சிருங்க அக்கா. எங்க வீடு ரயில் பாதையோரம், ஒழுங்காத் தூங்கி ரொம்ப நாளாச்சு. ஹாரன் அடிக்கலன்னா ஸ்டீயரிங்லயே படுத்துருவேன்."

தூங்காத ஒருவர் இன்னொருவரைத் தூங்க விடாமல் சரக்கு கொண்டுபோவதற்குத்தான் போக்குவரத்து என்று பேர் வைத்திருக்கிறார்கள்.